மிஸ்ஸூலாவா, ராச்செஸ்டரா

ஒனியோன்டா என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் தபால் வண்டி ஓட்டிய லியோனா வ்ராபெல், இருபத்தைந்து வருடமாக வேலை நேரத்தில் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டின் பெயர் ‘உப்பு வண்டி’. லாந்தர்ன் கவுன்ட்டி என்ற இசைக்குழு அதை 1968இலிருந்து மேடையில் வாசித்து வந்தது. ஒரு முறை வாசித்ததுபோல் மறுமுறை வாசித்தது கிடையாது. ஓர் ஊரில் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னோர் ஊரில் நாற்பது நிமிடம் ஓடும். நடுவில் பாட்டு எங்கே போகிறதென்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது.

அதனால் அந்தக் குழுவின் ரசிகர்களுக்குப் பாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். லியோனாவுக்கு அது மிஸ்ஸூலா எண்பத்தாறு. அந்தப் பதிவை எடுத்ததும் அவளேதான்.

கச்சேரியைப் பதிவு செய்வதை அந்தக் குழு என்றுமே தடுத்ததில்லை. கச்சேரியின் ஒலியைச் சீர்செய்யும் ஒலிமேசைக்குப் பின்னால் மைக் கம்பம் நட்டுக்கொள்ள இடம் விட்டுக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது. யாராவது வெற்று கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்துக் கேட்டால், நகலெடுத்துக் கொடுத்துவிட வேண்டும். 1986 ஜூலையில் லியோனாவுக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டு வார விடுப்பு போட்டுவிட்டு, பழைய காரை மூன்று நாள் ஓட்டிக்கொண்டு மொன்டானாவில் இருக்கும் மிஸ்ஸூலாவுக்குப் போனாள். திறந்தவெளி மேடை. பாட்டு தொடங்கி நாலாவது நிமிடம் தூறல் ஆரம்பித்தது. இருந்த ஒரு குடையை மைக்குகளுக்குப் பிடித்துக்கொண்டு, கை நடுங்காமல் முப்பத்தொரு நிமிடம் நனைந்தபடி நின்றாள். அன்று அவர்கள் வாசித்த வாசிப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பாள்.

ஒரே ஒரு குறை. பக்கத்தில் நின்ற ஓர் ஆள் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தான். ஒருமுறை இல்லை, ஏழுமுறை. ஏழும் அப்படியே கேசட்டில் விழுந்துவிட்டன.

அந்த ஏழு விசிலையும் எண்ணி எழுதி அனுப்பியவன்தான் வெண்டல் ஹாஸ்கின். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவன். லியோனாவைவிட ஒன்பது வயது பெரியவன். 1987இல் முறைப்படி இரண்டு வெற்று கேசட் அனுப்பி மிஸ்ஸூலாவைக் கேட்டான். அவளும் நகலெடுத்து அனுப்பினாள். நன்றி என்று ஒரு வரி வரும் என்று பார்த்தால் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. எந்த நிமிடம், எந்த நொடியில் விசில் வருகிறது என்று பட்டியல் போட்டிருந்தான். ராச்செஸ்டர் எழுபத்தொன்பதோடு ஒப்பிட்டால் இது கம்பளிக்குள் வைத்து எடுத்த பதிவு என்று முடித்திருந்தான். ராச்செஸ்டர் பதிவு ஒலிமேசையிலிருந்தே நேராகக் கம்பி இழுத்து எடுத்தது. கூட்டத்தின் சத்தம் கிடையாது, இருமல் கிடையாது, டிரம்ஸின் பித்தளைத் தட்டில் குச்சி உரசுவதுகூடக் கேட்கும்.

கடிதத்தின் பின்பக்கத்து முகவரி அவள் வீட்டிலிருந்து பதினெட்டு மைல். அடுத்த விடுமுறை நாளில் லியோனா அங்கேயே போய்க் கதவைத் தட்டினாள். திறந்தது வெண்டலின் மனைவி பெர்னிஸ். லியோனா தான் யார் எவர் என்றுகூடச் சொல்லாமல், ராச்செஸ்டரில் உயிரே இல்லை, அது ஆஸ்பத்திரியில் வாசித்த மாதிரி இருக்கிறது என்று உன் புருஷனிடம் சொல் என்றாள். அதை நீயே சொல்லு, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது என்று பெர்னிஸ் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

அன்று தொடங்கிய சண்டை இருபத்தோரு வருடம் ஓடியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லியோனா அங்கே போவாள். பெர்னிஸ் உப்புத் தண்ணீரில் சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்து வெண்ணெய் ஊற்றி வைப்பாள். மற்ற இருவரும் முன்னறையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து கேட்பார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று கச்சேரிக்குச் சேர்ந்தே போவார்கள். திரும்பும் வழியெல்லாம் அன்றைய வாசிப்பை எந்த வரிசையில் வைப்பது என்று வாக்குவாதம் நடக்கும். கேசட் போய்க் குறுந்தட்டு வந்தது, அதுவும் போய்க் கணினி வந்தது. ராச்செஸ்டரும் மிஸ்ஸூலாவும் மட்டும் போகவில்லை.

2008இல் குழுவுக்கு நாற்பது வயது. அதையொட்டி ‘உப்பு வண்டி’யின் ஒரே ஒரு மேடைப் பதிவைத் தேர்ந்தெடுத்து இசைத்தட்டாக வெளியிடப்போவதாகக் குழு அறிவித்தது. குழுவின் பழைய பதிவுகளைப் பாதுகாத்து வந்த டோபின், நாடு முழுக்க உள்ள பதிவு சேகரிப்பவர்களில் ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்துக் கடிதம் போட்டான். மூன்று பதிவுகள் களத்தில் இருக்கின்றன: ராச்செஸ்டர் எழுபத்தொன்பது, மிஸ்ஸூலா எண்பத்தாறு, போர்ட்லண்ட் தொண்ணூற்று நாலு. மூன்றையும் வரிசைப்படுத்தி, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். அந்த ஐந்து பேரில் லியோனாவும் ஒருத்தி, வெண்டலும் ஒருவன்.

அக்டோபர் மாதத்து ஞாயிறு மதியம் ஒன்றில் கடைசி முறையாக மூன்றையும் சேர்ந்து கேட்டுவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். லியோனா வழியில் ஆப்பிள் தோட்டத்துக் கடையில் நிறுத்திச் சர்க்கரை தூவிய டோனட் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனாள். வெண்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தான். கோடை முழுக்க அவன் கச்சேரிக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருந்தான். மாதாந்தரச் சந்திப்பையும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தான்.

முதலில் ராச்செஸ்டர். பதினோராவது நிமிடத்தில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்த, டிரம்மர் மட்டும் பித்தளைத் தட்டின் ஓரத்தை மழை பெய்வதுபோல் தொட்டுக்கொண்டு போவார். அந்த இடத்தில் வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். அன்று ஜன்னல் வழியாக மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் எழவில்லை. லியோனா அதைக் கவனித்தாள். பலமுறை கேட்டது அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அடுத்து போர்ட்லண்ட். நல்ல வாசிப்புதான், ஆனால் அவசரம் என்பதில் இருவருக்கும் எப்போதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

பிறகு மிஸ்ஸூலா. அந்தப் பழைய கேசட் ஒலி அறையில் நிறைந்ததும் லியோனாவுக்கு எப்போதும்போல் தோளில் மழை விழுந்தது. நாலரை நிமிடத்தில் முதல் விசில் வரும். அது வந்தால், வந்துட்டான்யா உன் மச்சான் என்று வெண்டல் சொல்வான். இருபத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதில்லை. லியோனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். விசில் வந்தது, போனது. வெண்டல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவது. டோனட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு தலையை மெல்ல ஆட்டியபடி இருந்தான்.

மரியாதைக்காகச் சும்மா இருக்கிறானோ என்று நினைத்தாள். உடனே, வெண்டலாவது மரியாதையாவது என்றும் தோன்றியது. எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி, மூன்றாவது விசில் வரும் இடத்தை மறுபடி போட்டாள். காதைக் கிழித்துக்கொண்டு போனது. இந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“சுத்தமா இருக்கு. டோபின் ஏதோ பண்ணித் துடைச்சிருக்கான். முன்னல்லாம் அந்த விசில் நாயி இங்கதான வரும்” என்றான் வெண்டல்.

டோபின் ஒன்றும் துடைக்கவில்லை. அவள் போட்டது அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நகல். சமையலறை வாசலில் பெர்னிஸ் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். லியோனா திரும்பிப் பார்த்ததும், ஆமாம் என்பதுபோல் ஒருமுறை தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாட்டு முடிகிறவரை லியோனா உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் வெண்டல் முழங்காலைத் தட்டிக்கொண்டு, தான் முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னான். மிஸ்ஸூலா முதல், ராச்செஸ்டர் இரண்டு, போர்ட்லண்ட் மூன்று.

இதைக் கேட்க அவள் இருபத்தோரு வருடம் காத்திருந்தாள். கேட்டால் என்ன செய்வேன், எப்படிச் சிரிப்பேன், இவனை எத்தனை வருடத்துக்குக் கிண்டல் செய்வேன் என்றெல்லாம் தபால் வண்டியில் போகும்போது நினைத்துப் பார்த்ததுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வெற்றியைச் சும்மா வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அவளால் முடியவில்லை.

“வெண்டல், விசில் அப்படியேதான் இருக்கு. ஏழும் இருக்கு.”

விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

“மார்ச்லயே டாக்டர் சொல்லிட்டாரு. மேல் சத்தம் பூரா போச்சு. குருவி, ஃபோன் மணி, பெர்னிஸ் திட்டுறதுல பாதி. காதக் கெடுத்தது மரமறுக்குற வாளா, கச்சேரி ஸ்பீக்கரான்னு கேட்டாரு. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு சொன்னேன்.”

“எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?”

“என்னன்னு சொல்றது? ராச்செஸ்டர்ல தட்டு கேக்கல லியோனா. ஏப்ரல்ல போட்டுப் பாத்தேன். பதினோராம் நிமிஷம் வந்துச்சு, எல்லாரும் நிறுத்தினாங்க. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன், பாட்டு நின்னுபோச்சுன்னு.”

காதில் வைக்கும் கருவி வாங்கியிருந்தான். பேச்சுக்குச் சரி, பாட்டைப் போட்டால் தகர டப்பாவுக்குள் குழு வாசிப்பதுபோல் இருக்கிறது என்று மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டான். ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு பாட்டும் கேட்கவில்லை. கேசட்டுகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பெர்னிஸிடம் சொன்னானாம், அவள் அதற்கு அழுதாளாம். ராச்செஸ்டருக்கும் மிஸ்ஸூலாவுக்கும் வித்தியாசம் தெரியாத பெர்னிஸ்.

லியோனா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். வெண்டல் கையைக் காட்டி நிறுத்தினான்.

“உன்மேல பரிதாபப்பட்டு மிஸ்ஸூலாவுக்குப் போடலை. காது போனதால போட்டேன்னு நெனைக்காத. அதாவது, காது போனதாலதான் போட்டேன். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அந்த ட்ரெபிளை முழுசாக் குறைச்சுட்டு என் நாற்காலில வந்து உக்காரு.”

அவள் மேல் சத்தத்தைக் குறைக்கும் அந்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினாள். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து போட்டாள். விசில் மறைந்தது, பித்தளைத் தட்டுகள் மறைந்தன, கிட்டாரின் முனை மழுங்கிப் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் ஆனது. மிச்சம் இருந்தது குழுவின் ஏமஸ் டில் வாசித்த, கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிட்டார் மட்டும்.

மிஸ்ஸூலாவின் பெருமையே பதின்மூன்றாவது நிமிடத்தில்தான் இருக்கிறது. ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு அங்கே சட்டென்று தளர்ந்து, தொட்டில் ஆட்டுவதுபோல் ஒரு மெதுவான தாளத்துக்கு இறங்கும். அதைச் செய்தவர் கிட்டார்காரர் லைல் கோபர்ன் என்பதுதான் எல்லா ரசிகர்களின் முடிவு. லியோனாவும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். பழைய தேவாலயம் தாண்டி கிழக்கே திரும்பும் சாலையில், ஒன்பது தபால் பெட்டி வரிசையாக இருக்கும் இடத்தில் அந்தத் திருப்பம் வரும்படி பாட்டைப் போட்டுக்கொள்வாள். எத்தனை நூறு முறை என்று கணக்கில்லை.

“இப்பப் பாரு. லைல் இன்னும் ஓடிக்கிட்டிருக்கான். கீழ கேளு” என்றான் வெண்டல்.

கீழே ஏமஸ் தன் பழைய சுரத்தை விட்டுவிட்டார். ஒரு படி இறங்கினார். நின்றார். இன்னொரு படி இறங்கினார். மேலே லைல் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தார். ஏமஸ் அவரை இழுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இறங்கின இடத்திலேயே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி, ஒரே சுரத்தைப் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு சுற்று அப்படிப் போனது. ஐந்தாவது சுற்றில் லைலின் கிட்டார் ஒரு மூச்சு தயங்கியது. அப்புறம்தான் திரும்பியது.

லியோனா மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். அந்தக் குடையின் கீழே மைக் இந்த ஒலியைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது, அவள் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவள் காது மட்டும் இருபத்திரண்டு வருடம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கையும் உறிஞ்ச வேண்டியிருந்தது.

“எத்தன வருஷமா இந்த மனுசன் இதப் பண்ணிக்கிட்டிருக்காரு?” என்றாள்.

“தெரியல. ஜூன்ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் கேட்டுக்கிட்டு வர்றேன். இதுவரைக்கும் அறுபத்து மூணு ‘உப்பு வண்டி’ ஆச்சு. பாதிக்கு மேல திருப்பம் எல்லாம் அவன்தான் கீழ இருந்து பண்றான். முப்பது வருஷமா நான் தட்டுச் சத்தத்த ரசிச்சுக்கிட்டு, வண்டி ஓட்டினவன விட்டுட்டேன்” என்றான் வெண்டல். ராச்செஸ்டரில் ஏமஸின் பேஸ் மெலிந்து கேட்கிறது, ஒலிமேசைக் கம்பியில் அது சரியாக வரவில்லை என்றும் சொன்னான். நனைந்த மண்ணும் கூட்டமும் திறந்த வெளியும் சேர்ந்து மிஸ்ஸூலாவில் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கின்றன.

அவர்கள் அன்று மாலை வரை எழுதினார்கள். வெண்டல் தன் பங்குக்கு மிஸ்ஸூலாவுக்காக ஒன்றரைப் பக்கம் எழுதினான். முழுக்க ஏமஸைப் பற்றித்தான், விசில் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. லியோனா பேனாவை எடுத்துவிட்டு நெடுநேரம் யோசித்தாள். தன் பதிவுக்குத் தானே ஓட்டுப் போடுவது அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம்தான். அதைவிட, வேறு ஒன்று உறுத்தியது. ராச்செஸ்டரின் பதினோராம் நிமிடத்தை இந்த அறையில் இனி அவள் ஒருத்தியால்தான் கேட்க முடியும்.

ட்ரெபிளைப் பழையபடி ஏற்றி, அதை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டாள். முதல் முறையாகச் சண்டைக்கு வாதம் தேடாமல் கேட்டாள். குச்சி தட்டின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போனது. ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு சின்ன நிழல் இருந்தது. நிழலுக்குள் அடுத்த தொடுகை வந்து விழுந்தது. வெண்டல் இவ்வளவு வருடம் விரல் தூக்கியது இதற்குத்தான். இதை ஆஸ்பத்திரி என்று சொன்னோமே என்று இருந்தது அவளுக்கு. ராச்செஸ்டர் முதல் என்று எழுதினாள். காரணங்களை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. வெண்டல் சொல்லிச் சொல்லி எல்லாம் மனப்பாடம். எழுதியதை வெண்டலிடம் கொடுத்தாள். அவன் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மிஸ்ஸூலா பக்கத்துல ராச்செஸ்டர வைக்க முடியுமா?” என்றான்.

“உனக்குக் காதுதான் இல்லன்னா ரசனையுமா இல்ல?” என்றாள் லியோனா.

சமையலறையில் பெர்னிஸ் சத்தமாகச் சிரித்தாள். இரண்டு கடிதத்தையும் லியோனா திங்கட்கிழமை தன் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. குழு தேர்ந்தெடுத்தது போர்ட்லண்ட் தொண்ணூற்று நாலு. அன்று ஃபோனில் இருவரும் அரை மணி நேரம் ஒரே குரலில் குழுவைத் திட்டினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் ஒத்துப்போனது அதுதான் முதல் முறை. டோபின் அனுப்பிய உறைக்குள் இசைத்தட்டோடு கூட வெண்டல் பெயருக்கு ஓர் அஞ்சலட்டையும் இருந்தது. ஏமஸ் டில் எழுதியது. வெண்டலின் கடிதத்தை டோபின் காட்டியதாகவும், தன்னை இவ்வளவு உன்னிப்பாக யாரும் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தார். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மிஸ்ஸூலாவில் மழை ஈரத்தில் என் கம்பி ஒன்று சுருதி இறங்கிவிட்டது. சுருதியோடு ஒத்துப்போகிற ஓர் இடத்தைத் தேடித்தான் கீழே போனேன். கிடைத்ததும் அங்கேயே நின்றுகொண்டேன். ஏதோ யோசனையோடு செய்கிறேன் என்று லைல் நினைத்துக்கொண்டான்.

லியோனா படித்துவிட்டுச் சிரித்தாள். வெண்டல் சிரிக்கவில்லை. அடக்கத்துக்காகப் பொய் சொல்கிறான் என்றான். சுருதி போன ஆள் அப்படிப் பொறுமையாக நிற்பானா, பதறிப்போய் ஓடமாட்டானா என்று கேட்டான். அஞ்சலட்டைக்குச் சட்டம் போட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே மாட்டினான் வெண்டல்.

அந்த ஆகஸ்ட்டில் குழு சாரட்டோகா பக்கம் வாசிக்க வந்தபோது வெண்டல் வந்தான். காதில் மிச்சம் இருப்பதும் போய்விடாமல் பஞ்சுத் தக்கை. எப்போதும்போல் ஒலிமேசைக்குப் பின்னால் நிற்காமல், மேடையின் இடது பக்கம், ஏமஸ் நிற்கும் பக்கமாக, வேலியின் இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். லியோனா பின்னால் மைக் கம்பத்தோடு இருந்தாள். ‘உப்பு வண்டி’ வெயில் சாய்கிற நேரத்தில் தொடங்கி இருபத்தாறு நிமிடம் ஓடியது. நடுவில் ஒரு திருப்பம் வந்தபோது, வெகு தூரத்தில் வெண்டலின் வழுக்கைத் தலை, லைல் திரும்புவதற்கு நான்கு சுற்று முன்னாலேயே பலமாக ஆடுவதை அவள் பார்த்தாள்.

முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வரிசையில நாலாவது இடம்” என்றான் மூச்சு வாங்க. “பேஸ் சத்தம் குழாய் வழியா கைக்கு வந்துச்சு லியோனா, முழங்கை வரைக்கும்.”

“ஆறாவது இடத்துக்கு மேல தர மாட்டேன். டிரம்ஸ் நடுவுல தூங்கிடுச்சு” என்றாள் அவள், கம்பியைச் சுருட்டிக்கொண்டே. எங்கே தூங்கியது, எந்த நிமிடம், சொல்லு என்று அவன் பிடித்துக்கொண்டான். கார் நிறுத்திய இடம் வரை அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவன் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டே கூட நடந்தான்.